பெட்டுக்குப் பணம் தருவாங்க, மாத்திரைக்குத் தர மாட்டாங்க

(எபிசோடின் ஒலிப்பதிவை வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்ச விஷயம். வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, அதுவும் ஒரு வாரத்தில் போகிற காய்ச்சல் இல்லை, ஆயுசுக்கும் கூடவே வரப்போகிற நோய். அப்போ மருந்துச் செலவை எப்படிச் சமாளிப்பது? இன்ஷூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது? இதுதான் இன்றைய விஷயம்.

என் கணவருக்கு இப்போ 34 வயசு. அவருக்கு இருக்கிறது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். நோய் எதிர்ப்பு சக்தியே முதுகுத்தண்டையும் இடுப்பு மூட்டுகளையும் தாக்கி வீக்கத்தை உண்டாக்குகிற நோய். பெரும்பாலும் 20, 30 வயதுகளில் ஆரம்பிக்கும். அதனாலேயே நம்ம ஊரில் நிறைய பேருக்கு இது "ஐடி வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கான், அதான் முதுகுவலி" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போகிறது. ஒரே ஒரு அடையாளம் மட்டும் சொல்லிடறேன், யாருக்காவது உதவலாம். சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும், எழுந்து நடந்தால் குறையும். விடியற்காலையில் இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தால் ருமட்டாலஜிஸ்டைப் பாருங்க.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

நம்ம நாட்டு ஹெல்த் இன்ஷூரன்ஸ் அடிப்படையில் ஒரு ஆஸ்பத்திரிக் காப்பீடு. 24 மணி நேரம் அட்மிட் ஆனால் பணம் வரும். வீட்டில் உட்கார்ந்து தினமும் மாத்திரை சாப்பிட்டால் வராது. டாக்டர் ஃபீஸ், மாசாமாசம் ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை பில் எல்லாம் ஓபிடி கணக்கு. பெரும்பாலான பாலிசிகளில் ஓபிடி கிடையாது. சில கம்பெனி குரூப் பாலிசிகளில் இருக்கும், ஆனால் வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஒரு தடவை அறுவை சிகிச்சை செய்து முடிந்துபோகிற நோய்க்கு இந்த ஏற்பாடு சரி. ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டிய நோய்க்கு இது பொருந்தவே பொருந்தாது.

அதனால் நான் வீட்டில் மருந்துகளை ரெண்டு குவியலாகப் பிரித்துவிட்டேன். ஒன்று மாத்திரைகள். இன்னொன்று ஊசிகள். ரெண்டுக்கும் வழி வேற வேற.

மாத்திரைக் குவியல்

எட்டோரிகாக்சிப், பாண்டப்ரசோல், விட்டமின் டி மாதிரியானவை இந்தக் குவியல். எல்லாம் பழைய மருந்துகள், காப்புரிமை இல்லாதவை. பத்துப் பதினைந்து கம்பெனிகளாவது தயாரிக்கும். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் அட்டையின் விலை பிராண்டுக்கு பிராண்ட் இரண்டு மூன்று மடங்கு மாறும்.

ஏன் மாறுது? மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு என்பிபிஏ என்ற விலை ஆணையம் உச்சவரம்பு வைக்கும். 2013-ஆம் வருஷ ஆணைப்படி, சந்தையில் 1 சதவீதமாவது பங்கு உள்ள பிராண்டுகளை எடுத்து, கடைக்காரருக்குக் கம்பெனி கொடுக்கிற விலையின் சராசரியைப் பார்த்து, அதோடு 16 சதவீதம் கடை லாபம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கம்பெனி வைப்பதுதான் விலை. வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஆரம்ப விலை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் ஜன் அவுஷதி கடைகள் உதவுது. "மக்கள் மருந்தகம்" என்று போர்டு இருக்கும். அதோடு தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி 1,000 முதல்வர் மருந்தகங்கள் ஒரே நாளில் திறந்தாங்க. என் மாத பட்ஜெட்டில் மாத்திரைகள் மட்டும் 2,100 ரூபாயில் இருந்து 600 ரூபாய்க்குள் வந்தது இந்தக் கடைகளால்தான்.

ஆனால் ஒரு சிக்கல். டாக்டர் பிராண்ட் பெயரில் எழுதியிருந்தால், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு அதே மருந்தின் வேற பிராண்டைக் கொடுக்கக் கூடாது. ஷெட்யூல் ஹெச் மருந்துகளுக்கு விதியே அப்படித்தான். டாக்டர்கள் எல்லாரும் ஜெனரிக் பெயரில்தான் எழுதணும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்ததும் அதே மாசமே நிறுத்தி வைத்துவிட்டது. ஆக, நாமதான் கேட்கணும். நான் எங்க டாக்டரிடம் கேட்டது ஒரே வாக்கியம்: "டாக்டர், இதில் எதையெல்லாம் ஜெனரிக்கா வாங்கலாம், எதை இதே பிராண்டில்தான் வாங்கணும்?" அவர் சிரிச்சுட்டு, ரெண்டு மருந்துக்குப் பக்கத்தில் மட்டும் 'இதுவே' என்று எழுதி, மத்ததையெல்லாம் மருந்துப் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். கேள்வியை "ஜெனரிக் நல்லதா டாக்டர்?" என்று கேட்டால் பிரசங்கம்தான் கிடைக்கும்.

வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து, உறுப்பு மாற்றுக்குப் பிறகு சாப்பிடுகிற டாக்ரோலிமஸ் மாதிரி சிலவற்றில் ரத்தத்தில் மருந்தின் அளவு கொஞ்சம் மாறினாலும் பிரச்சினை. அதையெல்லாம் விலை பார்த்து மாசத்துக்கொரு பிராண்ட் என்று மாற்றக்கூடாது. டாக்டரிடம் கேட்டு ஒன்றைப் பிடித்தால் அதிலேயே இருங்க.

ஊசிக் குவியல்

எங்களுக்கு உண்மையான பாரம் இதுதான். மாத்திரைகள் போதாமல் போனதும் டாக்டர் அடாலிமுமாப் என்ற ஊசியைச் சொன்னார். பயோலாஜிக் வகை. ஆலையில் ரசாயனத்தைக் கலந்து செய்வது இல்லை, உயிருள்ள செல்களை வளர்த்து அதிலிருந்து எடுப்பது. அதனால் இதற்கு அச்சு அசல் ஜெனரிக் கிடையாது. பயோசிமிலர் என்று சொல்வார்கள், மிக நெருக்கமான நகல். அடாலிமுமாபுக்கு உலகத்தின் முதல் பயோசிமிலர் 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது, அமெரிக்க விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு. அது வரலைன்னா நாங்க இந்தப் பேச்சையே பேசியிருக்க மாட்டோம்.

இந்தியாவில் மருந்து விலை குறைவு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் சண்டைகள் இருக்கு. அதில் பெரியது சென்னையில்தான் ஆரம்பித்தது. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட், அப்புறம் மேல்முறையீடு என்று போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. கிளிவெக் மாசம் 1.2 லட்சம் ரூபாய், உள்ளூர் ஜெனரிக் 10,000 ரூபாய்க்குள். அந்தத் தீர்ப்பால் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போகாமல் இருந்ததோ.

சரி, நம்ம ஊசிக்கு வருவோம். ரெண்டு வாரத்துக்கு ஒன்று, மாசம் ரெண்டு. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே காசநோய் இருக்கா என்று பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் எடுக்கணும். இந்த மருந்து நோய் எதிர்ப்பைக் குறைப்பதால் உள்ளே தூங்குகிற டிபி முழிச்சுக்கலாம். நம்ம நாட்டில் அது சும்மா சொல்கிற பயம் இல்லை. இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

முதல் மாசம் ஆஸ்பத்திரிக்குள் இருந்த மருந்தகத்தில் ரெண்டு ஊசிக்கு 26,000 ரூபாய் கேட்டாங்க. அதே கம்பெனி, அதே ஊசி, மருந்து மொத்த விற்பனைக்காரர் ஒருவரிடம் 19,000. ரெண்டிலும் பில் உண்டு. இப்படிப்பட்ட விலையுயர்ந்த மருந்துகளில் அட்டையில் அச்சடித்த எம்ஆர்பிக்கும் நிஜ விலைக்கும் நடுவில் பெரிய மைதானமே இருக்கு. 2018-இல் டெல்லி வட்டாரத்தின் 4 தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்த என்பிபிஏ, சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரைக்கும் போனதாகச் சொன்னது. ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்கணும் என்று நோயாளியைக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்து வந்த வழக்கில், 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் மாநில அரசுகள் இதற்குக் கொள்கை வகுக்கணும் என்று விட்டுவிட்டது. அதுவரைக்கும் பேரம் பேசுவது நம்ம வேலை. வெட்கப்படாதீங்க. "அண்ணா, எம்ஆர்பியில் எவ்வளவு குறைப்பீங்க?" என்று நான் நாலு கடைக்கு போன் போட்டேன். மூணு பேர் குறைச்சாங்க. டாக்டரிடமும் கேளுங்க, சில கம்பெனிகள் இத்தனை ஊசி வாங்கினால் ஒன்று இலவசம் என்று நோயாளிகளுக்கான திட்டம் வைத்திருக்கும். அது டாக்டர் மூலமாகத்தான் கிடைக்கும்.

வெளியே வாங்கினால் ஒரு கவனம். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கணும். ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் தரலைன்னா வாங்காதீங்க. ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காதீங்க, ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. எங்க மாமியார் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னாடி ஒரு டப்பா ஒதுக்கி, 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்காங்க.

ஊசி வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். அடாலிமுமாபை நோயாளி வீட்டிலேயே, வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கலாம். வசதி. ஆனால் இன்ஷூரன்ஸ் பார்வையில் அது ஓபிடி. 19,000 ரூபாயும் கைக்காசு. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்து இன்ஃப்ளிக்சிமாப். அதை நரம்பு வழியாகச் சொட்டு சொட்டாக ஏற்றணும். ரெண்டு மணி நேரம் ஏறும், அப்புறம் ஒவ்வாமை வருதா என்று கவனிக்க இன்னும் கொஞ்ச நேரம். ஆஸ்பத்திரியில்தான் முடியும். ஆரம்பத் தவணைகள் முடிந்த பிறகு பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை.

இதை ஆஸ்பத்திரியில் ஏற்றுவதால் 'டே கேர்' கணக்கில் பணம் கேட்க வாய்ப்பு இருக்கு. மொத்தச் செலவு வீட்டு ஊசியைவிடக் கூட. ஆனால் கம்பெனிக்காரன் அதைத்தான் கொடுப்பான், மலிவானதைக் கொடுக்க மாட்டான். இதில் என்ன தர்க்கம் என்று கேட்காதீங்க, எனக்குக் கோபம்தான் வரும்.

எட்டு மாசத்தில் அவருக்கு அடாலிமுமாப் போதுமான பலன் தரலை. டாக்டர் மருந்தை மாற்றணும் என்றார், இன்ஃப்ளிக்சிமாபும் அவர் சொன்ன தேர்வுகளில் ஒன்று. நாங்க ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டோம்: "மருத்துவ ரீதியா ரெண்டும் சமமா? சமம்னா, இன்ஷூரன்ஸ் கொடுக்கிறதை எடுத்துக்கறோம்." டாக்டர் சமம்தான் என்றார். சமம் இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கணக்கை அங்கேயே மூடியிருப்போம்.

முதல் இன்ஃப்யூஷனுக்கு கேஷ்லெஸ் கேட்டோம். டிபிஏவிடம் இருந்து பதில்: "24 மணி நேரத்துக்குக் குறைவு, ஓபிடி சிகிச்சை, மறுக்கப்படுகிறது." 71,000 ரூபாய் பில்லைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அந்த மாசம் வீட்டு இஎம்ஐக்கு என் தம்பியிடம் கை நீட்ட வேண்டியதாச்சு.

இந்த மறுப்பு எங்கிருந்து வருது என்று தெரிஞ்சுக்கணும். டே கேருக்கு ஒரு நிலையான வரையறை இருக்கு: மயக்க மருந்து கொடுத்து, தொழில்நுட்ப முன்னேற்றத்தால் 24 மணி நேரத்துக்குள் முடிகிற சிகிச்சை; முன்னாடி என்றால் ஒரு நாளாவது அட்மிட் ஆகியிருக்கணும். இன்ஃப்யூஷனுக்கு மயக்க மருந்து கிடையாது. அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 2019-இல் ஐஆர்டிஏஐ, பாலிசிகள் ஒதுக்கக்கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று, ஊசியாகக் கொடுக்கிற மோனோகுளோனல் ஆன்டிபாடி. இன்ஃப்ளிக்சிமாப் அதே வகை. உள்நோயாளியாகவோ டே கேராகவோ ஆஸ்பத்திரியில் எடுத்தால் அதைக் கொடுக்கணும், உட்வரம்பு மட்டும் வைத்துக்கலாம். உங்க பாலிசிப் புத்தகத்தில் 'நவீன சிகிச்சைகள்' என்ற தலைப்பைத் தேடுங்க. எங்களுடையதில் 31-ஆம் பக்கத்தில் இருந்தது.

நான் செய்தது இது. பில்லை ரீஇம்பர்ஸ்மென்டுக்கு அனுப்பினேன். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினேன்: இந்த மருந்தை வெளிநோயாளியாகப் போட முடியாது, ஒவ்வாமையைச் சமாளிக்கிற வசதியும் கண்காணிப்பும் வேண்டும், முந்தின மருந்து இத்தனை மாசம் கொடுத்தும் பலன் இல்லை. மறுபடியும் மறுத்தாங்க. நான் கோபமான கடிதம் எழுதலை. ரெண்டே கேள்வி: எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீங்க? உங்க கிளெய்ம் மறுஆய்வுக் குழு இதை அங்கீகரிச்சதா? 2024-ஆம் வருஷ விதிகளின்படி அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்க முடியாது, எந்த நிபந்தனைப்படி என்றும் எழுதிச் சொல்லணும்.

அது கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் போனது. அங்கேயும் நடக்கலைன்னா அடுத்த கதவு இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையிலேயே இருக்கு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரைக்கும் விசாரிக்கலாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் போகலாம். மறுத்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போகணும். நான் மனுவை நிரப்பி வைத்திருந்தேன். அனுப்ப வேண்டி வரலை. 71,000-இல் 63,400 வந்தது. மிச்சம் கையுறை, ஐவி செட் மாதிரியான சில்லறைச் சாமான்கள், பதிவுக் கட்டணம் என்று வெட்டினது. அடுத்த தவணையில் இருந்து கேஷ்லெஸ் தகராறு இல்லாமல் நடக்குது.

இதிலிருந்து இன்னொரு சங்கிலி கிடைச்சது. அட்மிஷன் என்று ஒன்று ஏற்கப்பட்டால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு எங்க பாலிசியில் 60 நாள் வரைக்கும் அந்த நோய்க்கான மருந்தும் டெஸ்டும் சேரும். எங்களுக்கு இன்ஃப்யூஷன் 8 வாரத்துக்கு ஒருமுறை, அதாவது 56 நாள். கணக்குப் போட்டுப் பாருங்க. ஓபிடி என்று தள்ளின மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஒவ்வொரு தவணைக்கும் அந்த 60 நாளுக்குள் விழுது! இப்போ ஒவ்வொரு பில்லிலும் நோயாளி பெயர், தேதி, டாக்டர் சீட்டு மூணும் இருக்கா என்று பார்த்துத்தான் கடையை விட்டு நகர்வேன்.

வேலை போனால்?

எல்லாம் அவர் கம்பெனியின் குரூப் பாலிசியில் நடக்குது. குரூப்பில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. ஆனால் வேலை போனால் பாலிசியும் போச்சு. லே ஆஃப் செய்தி ஒவ்வொன்றும் எங்க வீட்டில் மருந்துச் செய்திதான்.

அதனால் மூணு ஏற்பாடு. என் கம்பெனி குரூப் பாலிசியிலும் அவரைச் சேர்த்தாச்சு. கல்யாணம் ஆன புதுசில் "ரெண்டு பேருக்கும் தனித்தனியா இருக்கே, எதுக்கு?" என்று நிறைய பேர் விடுவாங்க, தயவுசெய்து விடாதீங்க. சில கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்த ஜன்னல் திறக்கும், எச்ஆரிடம் தேதி கேளுங்க. ரெண்டாவது, தனிநபர் பாலிசி. நோயை மறைக்காமல் எழுதி வாங்கினோம். ஒரு கம்பெனி மறுத்தது, இன்னொன்று கூடுதல் பிரீமியத்தோடு கொடுத்தது. இருக்கிற நோய்க்குக் காத்திருப்பு இப்போ அதிகபட்சம் 3 வருஷம், முன்னாடி 4. மறைத்து வாங்கச் சொல்கிற ஏஜென்ட் உங்களுக்கும் வருவார். மாட்டினால் கிளெய்ம் மட்டும் இல்லை, பாலிசியே ரத்தாகும். 2025 செப்டம்பர் 22-இல் இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. 18 சதவீதம் மிச்சம், நாங்க கட்டற கூடுதல் பிரீமியத்துக்கு அது கொஞ்சம் ஆறுதல். மூணாவது, வேலை மாறும்போது பழைய குரூப் பாலிசி கொடுத்த அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். கழித்த காலம் காத்திருப்பில் கணக்காகும். வேலையை விட்ட பிறகு இல்லை, ரிலீவிங் தேதிக்கு முன்னாடியே எழுத்தில் கேளுங்க.

கேட்கிறவங்களில் சிலருக்குக் குரூப் பாலிசியே இருக்காது, டெலிவரி வேலை, ஃப்ரீலான்ஸ் என்று. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போகணும். வருமானம் அதைவிடக் கூட இருந்தாலும் அரசு மருத்துவமனை எல்லாருக்கும்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் ருமட்டாலஜிக்கென்றே தனி நிலையம் இருக்கு. கூட்டம் இருக்கும், காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்கணும். மாத்திரைகளுக்குக் காசு வாங்க மாட்டாங்க.

எங்க அடுத்த இன்ஃப்யூஷன் வர்ற வியாழக்கிழமை. ப்ரீ ஆத் நேற்றே அனுப்பியாச்சு, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லணும் என்பது விதி, நாற்பது நிமிஷத்தில் வந்தது. பாலிசிப் புத்தகத்தின் எந்தப் பக்கமாவது புரியலைன்னா பெயர், பாலிசி நம்பரை மறைச்சுட்டு மெயில் பண்ணுங்க. அடுத்த எபிசோடில் டாப் அப் பாலிசிகளைப் பற்றிப் பேசறேன்.